மூன்று தசம் மூன்று மைக்ரோபரட்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று எல்லோரும் சொல்வார்கள். பொய்யில்லை. முப்பது வருடம் பெண்பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் படிப்பித்தவள் நான். அலகு போடாமல் விடை எழுதிய கொப்பி என் கையில் அகப்பட்டால் அது யன்னல் பக்கம்தான் பறக்கும். ஆனால் வீட்டு ஸ்பீக்கர் விஷயத்தில் எனக்கு வந்த கோபம் வேறு மாதிரி. யார் மேல் என்று தெரியாமலே இரண்டு வருடம் வந்துகொண்டிருந்தது.

வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில், மூன்றாம் மாடியில் நானும் என் கணவரும் மட்டும் இருக்கிறோம். அவர் கொட்டாஞ்சேனையில் பிறந்தவர். துறைமுகக் கந்தோரில் கிளாக்காக இருந்து இளைப்பாறியவர். நாற்பது வருடம் மாதா கோயில் பாடகர் குழுவில் கனத்த குரலில் பாடினார். பிறகு பாடகர் மாடத்துக்கு ஏறும் மரப்படி அவருடைய முழங்காலுக்கு ஒத்துவரவில்லை. படி வேண்டாம், கீழே இருந்து கேட்கிறேன் என்றார். அந்தக் குழுவின் பழைய பாட்டுகளை யாரோ ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார்கள். பின்னேரத் தேத்தண்ணி குடித்த கையோடு அதைக் கேட்பதுதான் அவருக்கு மிஞ்சிய ஒரே சந்தோஷம்.

கேட்கிற பெட்டிகள் இரண்டும் நான் செய்தவை. பலகை வெட்டித் தந்தது தச்சன், மற்றதெல்லாம் என் கை. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பெரிய ஸ்பீக்கர், அதற்கு மேலே கீச்சென்று உச்சத்தில் வரும் மெல்லிய சத்தங்களுக்கு மட்டும் ஒரு சின்ன ட்வீட்டர். ட்வீட்டருக்கு முன்னால் ஒரு கெப்பாசிட்டர் இருக்க வேண்டும். அது மாவை அரிக்கும் அரிதட்டு மாதிரி. மெல்லிய சத்தத்தை உள்ளே விடும், தடித்ததை மறித்து வைக்கும். அதன் பெறுமானம் கூடக் கூட அரிதட்டின் கண்ணும் பெரிதாகும், தடித்த சத்தமும் உள்ளே போகும். கண் அளவுக்கு மிஞ்சினால் ட்வீட்டர் எரிந்துவிடும். விஷயம் அவ்வளவுதான்.

இரண்டு வருடத்துக்கு முன் அவரே சொன்னார், பாட்டு போர்வைக்குள் இருந்து வருகிறது போல இருக்கிறதென்று. சரிதான், பழைய கெப்பாசிட்டர் காய்ந்து போயிருக்கும். புறக்கோட்டையில் எலெக்ட்ரோனிக் சாமான் விற்கும் முதலாளியிடம் போனேன். அவர் பிளஸ், மைனஸ் என்று சக, சய அடையாளம் போட்ட, ஒரு பக்கம் மட்டும் போகிற மின்னுக்கான ஒன்றை எடுத்து நீட்டினார். பாட்டு இரண்டு பக்கமும் போய்வருகிற மின், இதற்கு இந்தச் சாமானைத் தருகிறீர்களே, மூளை இருக்கிறதா என்று கேட்டுவிட்டேன். மனுஷன் சிரித்துக்கொண்டு பிளாஸ்டிக் சுருள் வகையில் இரண்டு தந்தார். பழையதின் அதே அளவு, மூன்று தசம் மூன்று மைக்ரோபரட்.

அதைப் பொருத்திய பின்னேரம் எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. பெண்குரல்கள் மேலே ஏறுகிற இடத்தில் அவர் கண்ணை மூடினார். பாட்டு பிடித்தால் அவர் கண்ணை மூடுவார், தலையை ஆட்டமாட்டார், விரலைத் தட்டமாட்டார். கலியாணம் கட்டிய நாளில் இருந்து எனக்கு அது தெரியும். அந்த மூடிய கண்ணுக்காகத்தான் நான் சோல்டரிங் அயனே பிடிக்கிறேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

ஆறு மாதம் போனது. பாட்டு திரும்பவும் மந்தமாக இருப்பது போல எனக்குப் பட்டது. கடற்காற்றின் வேலை என்று நினைத்தேன். வெள்ளவத்தையில் எதுதான் உப்புப் பிடிக்காமல் இருக்கிறது? இந்த முறை நான்கு தசம் ஏழு போட்டேன். எனக்கு நல்லாக இருந்தது. ஆனால் அவர் கண்ணை மூடவில்லை. திறந்த கண்ணோடு, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு இருந்தார். பத்து நாளில் எனக்கும் மந்தமாகிவிட்டது. பார்த்தாயா, அவருக்கும் போதவில்லை என்று நானே முடிவு கட்டிக்கொண்டு ஆறு தசம் எட்டு போட்டேன். அப்போதும் அவர் கண் மூடவில்லை. கொஞ்ச நாளில் அதுவும் மந்தம். அதோடு ஒரு வருடத்துக்கு மேல் இழுபட்டேன்.

இதற்கிடையில் வீட்டில் வேறு சண்டை. அவர் புதிதாகக் கட்டுப்பல் வைத்திருந்தார். அதன் பிறகு அவர் பேசுவது எனக்குப் பாதிதான் விளங்கியது. "வாய்க்குள்ளேயே கதைக்காதேங்கோ" என்று ஒரு நாளைக்குப் பத்துத் தரமாவது ஏசியிருப்பேன். பல் வைத்தியரிடம் போய்த் திருத்திக்கொண்டு வரும்படி இரண்டு முறை அனுப்பினேன். அவரும் ஓம் ஓம் என்று போய்வந்தார். இன்னொன்று, புகை அடித்ததில் நுளம்பு ஒழிந்துவிட்டது, சத்தமே இல்லை என்று பக்கத்து வீட்டில் பெருமையாகச் சொன்னேன். அவர் காலைச் சொறிந்துகொண்டு அதற்கும் ஓம் என்றார். என் காலிலும்தான் தடித்திருந்தது. நான் எறும்பு என்று நினைத்தேன்.

கடைசியில் பத்து மைக்ரோபரட் கேட்டுப் போனேன். முதலாளி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அதே பெட்டிக்கா டீச்சர் என்று கேட்டார். பத்துப் போட்டால் அந்தச் சின்னது தாங்காது, எரிந்துபோனால் அதே சாமான் இப்போது கொழும்பில் எடுக்க ஏலாது என்றார். எனக்குத் தெரியாததா? தெரிந்தும் வாங்கினேன். சத்தத்தைக் குறைத்துப் போட்டுக் கேட்கலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒரு பிள்ளை அப்படிச் சொல்லியிருந்தால் கொப்பி பறந்திருக்கும்.

ஒரு சனிக்கிழமை காலை பெட்டியைப் படுக்க வைத்தேன். முந்திய தரங்களில் பின்பலகையைத்தான் கழற்றினேன். இந்த முறை ட்வீட்டருக்குச் சூடு பிடித்திருக்கிறதா என்று பார்க்க முன்னால் இருக்கும் துணிச் சட்டத்தைக் கழற்றினேன். ட்வீட்டரின் முகத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. தற்செயலாக விழுந்த பஞ்சு இல்லை. வட்டமாக வெட்டி, ஓரத்துக்கு பிளாஸ்டர் ஒட்டி, ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு அடுக்கு. மற்றப் பெட்டியிலும் அப்படியே.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பஞ்சுகளைக் கையில் பிடித்துக்கொண்டு குசினிக்குப் போனேன். அவர் தேங்காய் திருவிக்கொண்டிருந்தார். யாருடைய விசர் வேலை இது, நான் ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிச் சாக, நீங்கள் இருந்து அடைத்தீர்களா என்று வாய்க்கு வந்தபடி கத்தினேன். அவர் திருவுபலகையில் இருந்து எழும்பி, கையைக் கழுவி, என் முகத்துக்கு நேரே வந்து நின்றார். அப்படி நேரே வந்து நின்றுதான் அவர் கொஞ்ச நாளாகக் கதைக்கிறார் என்பது எனக்கு அந்த நேரம்தான் உறைத்தது.

"நீர் மாத்த மாத்த, காதுக்குள்ள ஊசி குத்துறமாதிரி இருந்திச்சு. அதுதான் வச்சனான்."

"அதை வாயத் திறந்து சொல்லேலாதோ?"

"சொன்னனான். ரெண்டு தரம் சொன்னனான். உமக்குக் கேக்கேல்லை."

குசினி யன்னலுக்கு வெளியே றெயில் ஒன்று போனது. அது நன்றாகக் கேட்டது, தடித்த சத்தம். நான் கதிரையில் இருந்துவிட்டேன். மூன்றாம் தரமும் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன், என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"மூண்டாம் தரம் சொன்னா உமக்கு விளங்கியிருக்கும். விளங்கிட்டா நீர் உடைஞ்சு போவீர் எண்டு நினைச்சனான்."

கட்டுப்பல்லைத் திருத்த அனுப்பினேனே, அந்த இரண்டு முறையும் என்ன செய்தீர்கள் என்று பிறகு கேட்டேன். கடற்கரையில் இருந்து கடலை சாப்பிட்டுவிட்டு வந்தாராம். பல்லில் ஒரு பிழையும் இல்லையாம். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

செவ்வாய்க்கிழமை கிருலப்பனையில் காது சோதிக்கும் இடத்துக்குப் போனோம். அங்கே வேலை செய்யும் ஒரு பிள்ளை என்னைக் கண்ணாடி அறைக்குள் இருத்தி, சத்தம் கேட்டால் பொத்தானை அமத்தச் சொன்னாள். கனநேரம் ஒன்றும் கேட்காமல் இருந்த இடங்களும் வந்தன. அங்கே அவள் சத்தம் போட்டாளா இல்லையா என்றே எனக்குத் தெரியாது. கடைசியில் ஒரு வரைபைக் கொண்டுவந்து விளக்கத் தொடங்கினாள். விளக்கத் தேவையிருக்கவில்லை. மீடிறன், அதாவது சத்தத்தின் அதிர்வெண், கூடக் கூட, ஓரிடம் வரை நேரே போய்ப் பிறகு சரிந்து விழும் அந்தக் கோட்டை நான் முப்பது வருடம் கரும்பலகையில் கீறியிருக்கிறேன். தடித்ததை விட்டு மெல்லியதை மறிக்கும் வடிகட்டியின் வரைபு அது. ட்வீட்டருக்குப் போட்டதற்கு நேர் எதிர். பெட்டிக்குள் தேடிய பிழை என் தலைக்குள் இருந்தது. அளக்க முந்தி கருவியில் பூச்சிய வழு, அதாவது கருவியின் சொந்தப் பிழை, இருக்கிறதா என்று பாருங்கள் என்று எத்தனை பிள்ளைகளை ஏசினேன்! என் காதும் ஒரு கருவிதான் என்று ஒருநாளும் நினைக்கவில்லை.

காதுக்கு மெசின் போடலாம், இரண்டு கிழமையில் வாருங்கள் என்றார்கள். பஸ் தரிப்பில் நிற்கும்போது அவரிடம் சொன்னேன். நான் மன்னிப்புக் கேட்டுப் பழகியவள் இல்லை, அதனால் ஏசுகிற மாதிரித்தான் வந்தது.

"இவ்வளவு நாளா உங்கட வாயைப் பிழை சொன்னனான். பிழை என்ர காதில."

அவர் என் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்தோம். பஞ்செல்லாம் எடுத்தாயிற்று. மூன்று தசம் மூன்று, நான்கு தசம் ஏழு, ஆறு தசம் எட்டு மூன்றையும் கிளிப் வைத்த வயரில் ஒவ்வொன்றாக மாட்டி, அதே பாட்டின் அதே இடத்தைப் போட்டேன். எது எது என்று அவருக்குச் சொல்லவில்லை. எனக்கு முதலாவதற்கும் இரண்டாவதற்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அதை மறைக்காமல் அவரிடம் சொன்னேன். எது வேண்டும், நீங்கள் சொல்லுங்கள் என்றேன். இத்தனை வருடத்தில் என் பெட்டியில் அவருக்குக் கொடுத்த முதல் தெரிவு அது. அவர் முதலாவதைக் காட்டினார். பத்து மைக்ரோபரட்டை உறையோடு லாச்சிக்குள் போட்டேன், முதலாளியிடம் திருப்பிக் கொடுத்து ஒரு மன்னிப்பும் கேட்க வேண்டும்.

சோல்டர் ஆறிய பிறகு பாட்டைப் போட்டேன். பெண்குரல்கள் ஏறுகிற இடம் வந்தது. வந்ததென்று எனக்கு ஞாபகத்தில் இருந்துதான் தெரிந்தது. மேலே போய் ஓரிடத்தில் அவை எனக்கு இல்லாமல் போயின. அவருடைய உதடு அசைந்தது. என்னவோ சொன்னார், எனக்குக் கேட்கவில்லை. என்னவென்று கேட்க வாயெடுத்து, பிறகு பேசாமல் இருந்துவிட்டேன். அவர் கண்ணை மூடியிருந்தார்.