விருந்தாளிக்கு ஒரு கோல்

ஓய்வுபெற்ற இங்கிலாந்து உதைபந்தாட்ட முன்கள வீரர் ஒருவர் எங்கள் குருநகரில் நட்புக்காக ஆட வந்திருந்தார். ஆட்டம் முடியும் நேரம் அவருக்குப் பெனால்டி கிடைத்தது. நான்தான் கோல்காப்பாளர்.

"விருந்தாளியடா, ஒண்டை விடு," என்றார் எங்கள் அணித்தலைவர் அன்ரன் அண்ணை.

"ஓம் அண்ணை."

அவர் அடிக்கும் பக்கம் தொலைக்காட்சியில் பார்த்துப் பழகியதுதான். வேண்டுமென்றே எதிர்ப்பக்கம் முன்கூட்டியே விழுந்தேன்.

ஓடிவந்தவர் அடிக்கவில்லை. பந்தின்மேல் காலை வைத்து என்னையே பார்த்தார். முகம் சிவக்க ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார்.

"உன்னை எழும்பட்டாம். உண்மையா மறிக்கட்டாம்," என்றார் அண்ணை, தலைகுனிந்து.

எழுந்து கோட்டில் நின்றேன். அவர் மறுபடி ஓடிவந்து அடித்தார். முழு மூச்சுடன் பாய்ந்தேன். பந்து என் சுண்டுவிரலை மடக்கிக்கொண்டு வலைக்குள் போனது.

"நீ விட்டுக் குடுத்தனி எல்லோ?" என்று இன்றும் கேட்பவர்களிடம், நிமிராத அந்த விரலைக் காட்டுகிறேன்.