தனம் ஆன்ட்டியுடன் முப்பது மைல்

ஐம்பத்திரண்டு வயதாகிறது, நாலு பேருக்கு மேனேஜராகவும் இருக்கிறேன். போன மாதம் வரை, போராடி ஜெயிலுக்குப் போவது என்றால் கல்யாண மண்டபத்துக்குப் போவது என்றுதான் நினைத்திருந்தேன். ஈரோட்டில் நான் பார்த்த கைதெல்லாம் அந்த ரகம். மறியல் செய்தவர்களை வேனில் ஏற்றி ஒரு மண்டபத்தில் உட்கார வைப்பார்கள். மதியம் சாம்பார் சாதம், சாயங்காலம் ஆறு மணிக்கு விடுதலை. என் மாமா ஒருவர் அப்படிப் போய்விட்டு வந்து, அப்பளம் போடவில்லை என்று ஒரு வாரம் கொந்தளித்தார்.

வெள்ளிக்கிழமை மாலை டெக்சாஸில், ஃபிரிஸ்கோ வீட்டிலிருந்து கிளம்பினேன். ஏர்போர்ட் இருபத்தைந்து மைல், அங்கிருந்து நியூஜெர்சியின் நூவர்க்குக்கு மூன்றரை மணி நேரம். பிஸ்கட்டவேயில் என் காலேஜ் நண்பன் சுந்தர் ஒரு தமிழ்ச் சங்கத்தின் செயலாளர். அவர்கள் பொங்கல் விழாவுக்கு நான்தான் காம்பியர். பொங்கல் ஜனவரி கடைசி சனிக்கிழமை. ஸ்கூல் ஆடிட்டோரியம் அன்றைக்குத்தான் காலி. சூரியன் அட்ஜஸ்ட் பண்ணிக்கொண்டார்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு சுந்தர் எனக்கு இன்னொரு வேலை கொடுத்தான்.

"டேய் மணி, பார்சிப்பனி போய் சீஃப் கெஸ்ட்டைக் கூட்டிட்டு வா. தென்னாப்பிரிக்கா டர்பன்ல இருந்து வந்திருக்காங்க. வெள்ளைக்கார ஆட்சியை எதிர்த்து யூனியன் நடத்தி ஜெயிலுக்கெல்லாம் போனவங்க. வழியில மொக்கை போடாதே."

நானாவது, மொக்கையாவது. 287 ஹைவேயில் வடக்கே முப்பது மைல். இரண்டு பக்கமும் அழுக்குப் பனி குவிந்து கிடந்தது. கதவைத் திறந்தவர் சீஃப் கெஸ்ட்டின் மகள் ஷாமளா. மருந்துக் கம்பெனியில் வேலை, சென்னைக்காரரைக் கல்யாணம் செய்து மாமியாரிடம் தமிழ் கற்றவர்.

"நான் பின்னாடி என் கார்ல வரேன். அம்மாவுக்குக் குளிரும், ஹீட்டரைக் குறைக்காதீங்க" என்றார்.

தனம் ஆன்ட்டி எண்பது தாண்டியவர். நீல ஸ்வெட்டர், காலில் கேன்வாஸ் ஷூ. மூன்று தலைமுறையாகத் தென்னாப்பிரிக்கா. தமிழ் சாமி கும்பிட மட்டும் மிச்சம் இருந்தது. எங்கள் பேச்சு ஆங்கிலத்தில்தான். நான் கேட்ட மாதிரியே தமிழில் தருகிறேன்.

பத்து மைல் தாண்டியதும் வாய் அரித்தது.

"ஆன்ட்டி, உங்க ஜெயில்ல மதியம் என்ன மெனு?" என்று ஆரம்பித்து, மண்டபம், சாம்பார் சாதம், மாமா எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டேன்.

இருமல் வரும் வரை சிரித்தார். "அப்பளம் இல்லேன்னு சண்டை போட்டாரா? பாவம்!" பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "எனக்கும் சாப்பாடு வந்தது. கதவுக்கு அடியில தள்ளுவாங்க. அஞ்சு மாசம் அந்தக் கையைப் பார்ப்பேன். இல்லேன்னா கேள்வி கேக்க வர்றவங்களைப் பார்ப்பேன். வேற மனுஷங்க கிடையாது."

சிரித்த வாயை எப்படி மூடுவது என்று தெரியவில்லை.

டர்பனில் துணி ஃபேக்டரியில் தையல் மிஷின் வேலை. பாத்ரூம் சாவி சூப்பர்வைசர் இடுப்பில். கேட்டு, அவன் மனசு வைத்தால்தான் போக முடியும். முதல் ஸ்ட்ரைக் அந்தச் சாவிக்காக. "ஆப்பிரிக்கப் பெண்களை எங்க யூனியன்ல சேர்க்கக் கூடாதுன்னு சட்டம். நாங்க அவங்களோட ரகசியமா கூட்டம் போட்டோம். யார் வீட்டுல கூட்டம்னு பேர் கேட்டாங்க. நான் சொல்லலை. ஒரு நாள் பக்கத்து ரூம்ல ஒரு குழந்தை அழுதுச்சு. 'உன் பொண்ணுதான், பேரைச் சொன்னா நிறுத்தறோம்'னாங்க. ஷாமளாவுக்கு அப்போ மூணு வயசு."

"சொன்னீங்களா?"

"இல்ல. அழுகை நிக்கிற வரைக்கும் சுவரைப் பார்த்துட்டு உட்கார்ந்திருந்தேன்."

எக்ஸிட்டைத் தவற விட்டேன். அடுத்ததில் இறங்கித் திரும்பினேன்.

"வெளிய வந்து யாரையும் கேக்கலையா ஆன்ட்டி?"

"பாப்பா என் அக்கா வீட்டுல இருந்தா. 'நல்லா இருக்கா'ன்னு அக்கா சொன்னா. அதுக்கு மேல நான் கேக்கலை. கேட்டா பதில் வந்துடுமே! இப்போ ஷாமளாகிட்டயே கேக்கணும்னுதான் இவ்வளவு தூரம் வந்தேன். மூணு வாரமா வாய் வரலை. நாளைக்கு ராத்திரி ஃப்ளைட். உன்கிட்ட ஏன் சொல்றேன்? நீ யாரோ. திங்கக்கிழமை டெக்சாஸ்ல இருப்ப. இது உன்னோட இருக்கட்டும்."

"சத்தியமா ஆன்ட்டி" என்றேன்.

மாலை நாலு மணிக்கு மேடை. குழந்தைகள் ஆறு பரதநாட்டியம் ஆடி முடித்திருந்தார்கள். தம் குழந்தை ஆடி முடித்த அப்பா அம்மாக்கள் கும்பலாக லாபிக்குக் கிளம்பினார்கள், அங்கே சர்க்கரைப் பொங்கல். சீஃப் கெஸ்ட் பேசப் போகிறார் என்று நான் அறிவித்ததும் மீதிப் பேரும் எழுந்தார்கள். சுந்தர் ஓரத்தில் நின்று "ரெண்டு நிமிஷம்" என்று விரலைக் காட்டினான். ஆன்ட்டி பொன்னாடையோடு நாற்காலியில் காத்திருந்தார். எனக்கு ரத்தம் கொதித்தது. யாருடைய ரத்தம் கொதித்தாலும் பரவாயில்லை, கையில் மைக் இருப்பவனுக்குக் கொதிக்கக் கூடாது.

"உட்காருங்க!" என்றேன். "இவங்க யாருன்னு தெரியுமா உங்களுக்கு?"

சொல்லிவிட்டேன். சாவி, கதவுக்கு அடியில் வந்த கை, பக்கத்து அறைக் குழந்தை, சுவர். கூட்டம் அப்படியே உறைந்தது. இருபது வருடமாக மைக் பிடிக்கிறேன், அப்படி ஒரு அமைதி எனக்குக் கிடைத்ததில்லை. அதில் ஒரு விநாடி பெருமை கூடப் பட்டேன். அப்போதுதான் மூன்றாவது வரிசையில் ஷாமளா எழுந்து வெளியே நடப்பதைப் பார்த்தேன்.

ஆன்ட்டி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மேடைப் படிகளில் கைப்பிடியைப் பிடித்து இறங்கி மகள் பின்னால் போனார். பொன்னாடை நழுவி விழுந்தது. அதை எடுத்துக்கொண்டு நானும் ஓடினேன்.

பார்க்கிங்கில் குளிர் காதை அறுத்தது. ஷாமளா கார் கதவைப் பிடித்தபடி நின்றார். அம்மாவும் மகளும் பேசியதும் ஆங்கிலத்தில்தான்.

"ஏம்மா என்னைக் கேக்கலை? அம்பது வருஷம்!"

"பயம்டி."

"அது நான் இல்லம்மா. நான் வீட்டை விட்டுப் போகவே இல்லை. உன்னைப் பிடிச்ச நாள்லேர்ந்து பெரியம்மா வாசக் கதவைக் கூடத் திறக்க விடலை. சாகற வரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிக் காட்டினா. யாரும் வரலை. என்னை யாரும் தொடலை."

ஆன்ட்டி மகளின் முகத்தை இரண்டு கைகளிலும் பிடித்தார். தோள் குலுங்கியது. எனக்கும் மூச்சு வந்தது. முடிந்தது, நல்லபடியாக முடிந்தது என்று நினைத்தேன். என் உளறலால் ஒரு நல்லது நடந்துவிட்டது என்று கூட மனசுக்குள் கணக்குப் போட்டேன்.

ஆன்ட்டியின் கைகள் மெல்ல இறங்கின.

"அப்ப அது யார் குழந்தை?"

ஆடிட்டோரியத்துக்குள் அடுத்த நடனத்துக்குப் பாட்டு ஆரம்பித்தது. பொன்னாடையை அவர் தோளில் போட்டேன்.

ஞாயிறு காலை, ஊர் திரும்பும் முன் மறுபடி பார்சிப்பனி போனேன். மன்னிப்புக் கேட்பதற்காக வழியெல்லாம் வசனம் தயார் செய்திருந்தேன். சாப்பாட்டு மேஜையில் ஆன்ட்டி டர்பனில் மிச்சம் இருக்கும் யூனியன் தோழி ஒருவருடன் போனில் இருந்தார். அந்த மாதம் பிள்ளையோடு யாரையெல்லாம் பிடித்தார்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துக் கையை அசைத்துவிட்டுத் தொடர்ந்து பேசினார். மூன்று வாரம் வராத வாய், இப்போது நிற்கவில்லை.

ஷாமளா கார் வரைக்கும் வந்தார். என் வசனத்தை முழுக்கக் கேட்டார். நான் முடித்ததும், காபி வேண்டுமா என்று கேட்கிற அதே குரலில் சொன்னார்:

"எங்கம்மா அஞ்சு மாசம் வாயைத் திறக்கலை, மணி. உங்களுக்கு முப்பது மைல் தாங்கலை."