காலாண்டு லீவில் இரண்டு நாள்

கொடைக்கானலில் டாக்ஸி ஓட்டுகிறவனுக்கு லீவு என்று ஒன்று கிடையாது. ஊரில் இருக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் லீவு விட்டால்தான் எங்களுக்கு வேலை. கோடையில் பெரிய சீசன், காலாண்டில் சின்ன சீசன், கிறிஸ்துமஸுக்கு ரூம் கிடைக்காமல் காரிலேயே சுருண்டு படுக்கிற கூட்டம். அடுத்தவர் பிள்ளைகளை ஏரிக்கும் பைன் காட்டுக்கும் கூட்டிப்போய்க் காட்டியே என் மகளின் லீவெல்லாம் கழிந்துபோனது. அவள் சென்னையில் அவள் அம்மாவோடு இருக்கிறாள். இந்த மலைக்குளிரும் ஒத்துக்கொள்ளாமல், என் குணமும் ஒத்துக்கொள்ளாமல், அவள் அம்மா ஒரு வேலையைத் தேடிக்கொண்டு கீழே இறங்கியபோது மகள் இரண்டாம் வகுப்பு. இப்போது எட்டாவது. எங்களுக்குள் சண்டை ஒன்றும் இல்லை. சண்டை போடுவதற்கும் ஆள் பக்கத்தில் இருக்க வேண்டுமே.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மகளோடு போனில் பேசுவேன். சின்னப் பிள்ளையாக இருந்தபோது போனை வைக்க விடமாட்டாள். வரவரப் பேச்சு சுருங்கிக்கொண்டே வந்தது. சாப்பிட்டியா, படிக்கிறியா, அங்க மழையா என்பதற்குமேல் எனக்கும் கேட்கத் தெரியவில்லை, அவளுக்கும் சொல்லத் தோன்றவில்லை. போனை வைத்தபின் இங்கே மலையில், என் நாயுடுபுரத்து வீட்டில் குக்கர் சத்தம் மட்டும்தான் கேட்கும். ஒரு ஆளுக்கு அரிசி வைத்தால் அது பொங்குவதுகூட இல்லை. இப்படியே விட்டால் இந்தப் பிள்ளைக்கு நான் வேற்று ஆளாகிவிடுவேன் என்று பயம் வந்துவிட்டது. என்ன நஷ்டம் ஆனாலும் ஆகட்டும், வருகிற காலாண்டு லீவில் இரண்டு நாள் சென்னைக்குப் போய் அவளோடு இருப்பது என்று முடிவு செய்தேன். அவள் அம்மாவும் சரி என்றாள். காலையில் கூட்டிப்போய், இருட்டியதும் கொண்டுவந்து விட்டுவிட வேண்டும், அவ்வளவுதான்.

"தீம் பார்க்குக்குப் போவமா பாப்பா?" என்று மகளிடம் கேட்டேன்.

"வேணாம்ப்பா. ஸ்கூல்லயே ரெண்டு தடவ கூட்டிட்டுப் போயிட்டாங்க. அம்மாவும் கூட்டிட்டுப் போனாங்க. வேற எங்கயாச்சும் போலாம்."

வேறு எங்கே என்று எனக்கு எப்படித் தெரியும்? சென்னையில் எனக்குத் தெரிந்தது ஆம்னி பஸ் வந்து நிற்கிற இடம் மட்டும்தான். அதனால் வண்டியில் ஏறுகிற சென்னைக்காரர்களையெல்லாம் கண்ணாடி வழியே பார்த்துக் கேட்க ஆரம்பித்தேன். உங்க ஊருல சின்னப் பிள்ளைகளுக்குக் காட்டுற மாதிரி என்ன இருக்குங்க சார்? ஒருவர், மாலில் கொண்டுபோய் விட்டால் பொழுது போய்விடும் என்றார். இன்னொருவர், "எங்க ஊர்ல என்னங்க இருக்கு, அதனாலதான இங்க வர்றோம்" என்று சிரித்தார். பேரப்பிள்ளைகளோடு வந்த ஒரு அம்மாதான் உருப்படியாகச் சொன்னார். கலங்கரை விளக்கத்தில் மேலே ஏறலாமாம், எழும்பூர் அருங்காட்சியகத்தில் திமிங்கலத்தின் எலும்புக்கூடு இருக்கிறதாம், கடற்கரையிலிருந்து பாலத்துக்குமேல் ஓடுகிற ரயிலில் உட்கார்ந்தால் வீடுகளின் மொட்டைமாடியெல்லாம் தெரியுமாம்.

"வீட்டுலேர்ந்து எத்தன பேர் போறீங்க?" என்று கேட்டார்.

"குடும்பத்தோட போறோம்மா" என்றேன். அதற்குப்பிறகு கண்ணாடியைப் பார்க்காமல் ரோட்டையே பார்த்து ஓட்டினேன்.

ஸ்டாண்டில் என்னைவிட மூத்த டிரைவர் ஒருவர் கேட்டார். "ஏலே, சீசன் நேரத்துல வண்டிய நிப்பாட்டிப்போட்டு மெட்ராஸ்ல என்னத்தப் பாக்கப் போற? பேசாம சோலியப் பாரு."

"மகளப் பாக்கப் போறேண்ணே."

அவர் பீடியைக் கீழே போட்டு மிதித்தார். "போயிட்டு வெரசா வா" என்று மட்டும் சொன்னார்.

எங்களிடம் வருகிற கஸ்டமர்கள் போனில் இருபது இடத்தைக் குறித்துக்கொண்டு வந்து, எல்லாவற்றையும் ஒரே நாளில் காட்டு என்பார்கள். "ரெண்டு எடத்துல எறங்கி ஆற அமர உக்காருங்க சார், மலை எங்கயும் ஓடிப்போயிராது" என்று நான் புத்தி சொல்வேன். ஊருக்குத்தான் உபதேசம். என் மகளுக்கு நான் போட்ட திட்டத்தில் உட்காருவதற்கு எங்கேயும் இடம் இல்லை. ஒரு கலங்கரை விளக்கம், ஒரு அருங்காட்சியகம், பாம்புப் பண்ணை, மாடி ரயில், கடற்கரை என்று மனதுக்குள் வரிசையாக வைத்து, பஸ்ஸில் விடிய விடிய ஓட்டிப் பார்த்துக்கொண்டே போய் இறங்கினேன். கையில் மகளுக்குப் பேரிக்காய், அவள் அம்மாவுக்குப் பக்கத்துப் பள்ளங்கி கிராமத்திலிருந்து வாங்கிய மலைப்பூண்டு. பூண்டுப் பையை வாங்கிக்கொண்டு, நல்ல பூண்டு என்றாள் அவள். மகள் என் தோள் உயரத்துக்கு வளர்ந்திருந்தாள்.

முதலில் கலங்கரை விளக்கம். கவுண்டரில் போய், "பாப்பாவுக்கு ஒண்ணு குடுங்க" என்று ஒரே ஒரு டிக்கெட் வாங்கினேன். "நீ மேல போய்ப் பாத்துட்டு வா, அப்பா இங்கயே நிக்கிறேன்" என்றேன். அவள் ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். நான் கேட்டுக்கு வெளியே ஒரு டீ குடித்துவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். இதில் எனக்கு எதுவும் வித்தியாசமாகத் தோன்றவில்லை. நான் தினமும் செய்கிற வேலைதான். கஸ்டமரை இறக்கிவிடுவோம், வண்டியைத் திருப்பி நிறுத்துவோம், அவர்கள் பார்த்துவிட்டு வரும்வரை காத்திருப்போம். எத்தனையோ வருடமாக மலை உச்சிக்கு ஆள்களைக் கூட்டிப்போகிறேன், கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் பள்ளத்தாக்கு எப்படி இருக்கும் என்று நான் நின்று பார்த்தது கிடையாது.

அவள் இறங்கி வந்ததும் "நல்லாருந்துச்சா?" என்று கேட்டேன். ம் என்றாள். அருங்காட்சியகத்திலும் அப்படியே. வாசல் மரத்தடியில் நான் நின்றேன், அவள் உள்ளே போய்த் திமிங்கலத்தைப் பார்த்துவிட்டு வந்தாள். போட்ட திட்டம் நேரம் பிசகாமல் போகிறதே என்று உள்ளுக்குள் பெருமை வேறு.

சாயங்காலம் கடற்கரையில் அவளை உட்காரவைத்துவிட்டுச் சுண்டல் வாங்கப் போனேன். திரும்பி வரும்போது அவள் எனக்கு முதுகு காட்டியபடி அம்மாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"ம், நல்லாத்தாம்மா இருந்துச்சு. இல்ல, அப்பா வெளியில நின்னாங்க. நான் தனியாத்தான் பாத்தேன்."

குறை சொல்கிற குரலாக இருந்திருந்தால்கூடத் தாங்கிக்கொண்டிருப்பேன். ஹோம்ஒர்க் முடித்துவிட்டேன் என்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள். சுண்டலைக் கையில் வைத்துக்கொண்டு மணலில் அப்படியே நின்றேன். அவள் போனை வைத்தபிறகு பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். இரண்டு பேரும் கடலைப் பார்த்துக்கொண்டே தின்றோம். அவ்வளவு ஜனத்துக்கு நடுவில், பெற்ற மகள் பக்கத்தில் இருக்கும்போதே, நான் தனியாக இருந்தேன்.

மறுநாள் காலையில் திட்டத்தைத் தலைமுழுகிவிட்டுப் போனேன். "இன்னைக்கு நீ சொல்லு பாப்பா. எங்கன்னாலும் சரி, அப்பா கூடவே வர்றேன்."

அவள் யோசித்தாள். "எங்கயும் வேணாம்ப்பா. நான் டெய்லி போற எடத்துக்கு வர்றீங்களா?"

அவள் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மெட்ரோ ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனாள். நகரும் படிக்கட்டில் கால் வைக்க நான் தயங்கியபோது, "வாங்கப்பா, ஒண்ணும் ஆகாது" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். கொண்டை ஊசி வளைவில் பஸ்ஸுக்கு வழிவிட்டு வண்டியைப் பின்னால் எடுக்கிறவன் நான், அங்கே அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். கீழே டிக்கெட் கொடுக்கிற இடத்துக்கு எதிரே சில இரும்பு நாற்காலிகள். அதில் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து, பக்கத்து நாற்காலியைத் தட்டிக் காட்டினாள்.

"இதுதான்ப்பா."

"இதுதான்னா?"

"ஸ்கூல் விட்டதும் இங்க வந்துருவேன். அம்மா ஆபீஸ் முடிஞ்சு ட்ரெயின்ல வர்ற வரைக்கும் இங்கதான். ஏழு மணி ஆகும். சில நாள் எட்டு."

"வீட்டுக்குப் போகலாம்ல பாப்பா?"

"வீட்டுல தனியா இருக்க வேணாம்னு அம்மா சொல்லிட்டாங்க. இங்கன்னா கேமரா இருக்கு. செக்யூரிட்டி அக்கா இருக்காங்க."

அங்கேயே உட்கார்ந்தோம். மதியம் சாப்பிட எழுந்துபோய்விட்டு மறுபடியும் அங்கேதான் வந்தோம். கடற்கரையில் வாயைத் திறக்காத பிள்ளை நிறுத்தாமல் பேசினாள். எந்த நாற்காலியில் ஏசி காற்று நன்றாக வரும், செக்யூரிட்டி அக்காவுக்கு எப்போது கல்யாணம், கணக்கு வீட்டுப்பாடத்தை எப்படி மடியில் வைத்து எழுதுவது, இவளோடு பேசாமல் போன தோழி யார், எல்லாம் சொன்னாள். அவள் பையில் போட்டு எடுத்துவந்த பேரிக்காயை நான் நறுக்கிக் கொடுத்துக்கொண்டே கேட்டேன். இத்தனை வருடத்து ஞாயிற்றுக்கிழமைகளில் பேசியதெல்லாம் சேர்த்தாலும் அந்த ஒரு நாளுக்கு வராது. பிள்ளை கைவிட்டுப் போகவில்லை என்று எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

அந்த நிறைவில்தான் சொன்னேன். "கிறிஸ்துமஸ் லீவுக்கும் எப்படியாச்சும் வந்துர்றேன் பாப்பா. வண்டி ஓடலன்னாலும் பரவால்ல."

"லீவுக்கு வேணாம்ப்பா" என்றாள்.

அவள் பேரிக்காயை மென்று முடித்துவிட்டுச் சொன்னாள்.

"லீவுன்னா சித்தி வீட்டுக்குப் போயிருவேன். அங்க எல்லாரும் இருப்பாங்க. இந்தத் தடவ நீங்க வர்றீங்கன்னுதான் போகல. ஸ்கூல் இருக்கற நாள்ல வாங்களேன். அப்பதான் எனக்கு இங்க யாரும் இல்ல."

ஐப்பசி, கார்த்திகையில் மலையில் மழை பிடித்தால் ஒரு கஸ்டமர் வரமாட்டார். வாரக்கணக்கில் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். ஸ்டாண்டில் தார்ப்பாயைக் கட்டி, அதன்கீழே டீயைக் குடித்துக்கொண்டு, பிள்ளைக்கு எப்போது லீவு விடும், சீசனை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று கணக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வருடா வருடம் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். அதே சாயங்காலங்களில் இவள் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

வர்றேன் என்று தலையை ஆட்டினேன். அவள் அதைப் பார்த்தாளா என்று தெரியவில்லை. மணி ஏழாகியிருந்தது. கீழே ரயில் வந்து நின்ற சத்தம் கேட்டு, படியேறி வருகிற ஆள்களுக்கு நடுவில் அவள் அம்மாவைத் தேடிக்கொண்டிருந்தாள்.