பாஸ் போடாத பிரேக் இன்ஸ்பெக்டர்

என் வீட்டுக்காரர் காலமான பிறகு, அவருடைய பழைய காருக்குப் புது பெயிண்ட் அடித்து, சந்தனப் பொட்டும் வைத்து, ஓடத் தகுதியானதுதான் என்று எஃப்.சி. வாங்க ஆர்.டி.ஓ. ஆபீசுக்குக் கொண்டுபோனேன். பாஸ் ஆகாவிட்டால் காயலான் கடைதான்.

பிரேக் இன்ஸ்பெக்டர் ஒல்லியானவர், நரைத்த மீசை. எந்த வண்டியிலும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறுவார். பிரேக்கும் விளக்கும் சரியாகவே இருந்தன. பின்சீட்டில் ஏறி வெறுங்காலை ஊன்றியவர் சட்டென்று காலடியில் கிடந்த ரப்பர் மேட்டைத் தூக்கினார். துருப்பிடித்த ஓட்டையை மறைக்கப் பெயிண்ட் அடித்தவரிடம் நான் வைக்கச் சொன்ன எண்ணெய் டின் தகரம் தெரிந்தது.

“ஏனுங்கம்மா, இங்க ஆருங்க உக்காருவாங்க?”

“நாந்தானுங்க. எனக்கென்னங்க, வயசாகிப்போச்சு.”

“உங்களுக்குஞ் சேத்துத்தானுங்கம்மா எஃப்.சி. பாக்கறோம்” என்றவர், பாஸ் போடாமல் கதவை மெதுவாகச் சாத்தினார்.

கார் காயலான் கடைக்குப் போயிற்று. அவர்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. ஆனாலும், வீட்டுக்காரருக்குப் பிறகு என் உயிரைப் பற்றி யோசித்தவர் அவர் ஒருவர்தான்.