காருக்குப் புது ஸ்பீக்கர்

கார் வாங்கிய புதிதில் பாட்டு நன்றாகத்தான் கேட்டது. போகப்போக மங்கிவிட்டது. பாடுகிறவர் வாயைத் துணியால் மூடிக்கொண்டு பாடுவதுபோல இருக்கும். புல்லாங்குழல் எங்கே போனதென்றே தெரியாது. கம்பெனி ஸ்பீக்கர், மலை ரோட்டில் அதிர்ந்து அதிர்ந்து கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்தேன். மிளகு விற்க மலைமேல் இருக்கும் எங்கள் ஆலத்தூர் நாட்டிலிருந்து அடிக்கடி இறங்கி ஏறுகிற எனக்கு அந்தப் பாட்டுதான் துணை.

ஒருநாள் மனைவியையும் அழைத்துக்கொண்டு நாமக்கல்லில் ஒரு ஆடியோ கடைக்குப் போனேன். கடைக்காரர் கதவுகளைப் பிரித்து, தகடு அதிராமலிருக்க உள்ளே ஷீட் ஒட்டினார். புது ஸ்பீக்கர்களும், சன்னமான ஓசைகளுக்கென்று தனியாகச் சின்ன ட்வீட்டர்களும், சீட்டுக்கடியில் ஒரு ஆம்ப்ளிஃபயரும் பொருத்தினார். சாயங்காலம் எங்களை உட்காரவைத்துப் பாட்டைப் போட்டார்.

"எப்படி இருக்குதுங்ணா?"

அதே மங்கல்.

"இன்னும் கொஞ்சம் தெளிவா வரணுங்க," என்றேன். ட்வீட்டரைக் கூட்டினார். "இன்னும்," என்றேன். பின் சீட்டிலிருந்த மனைவி காதுகளைப் பொத்திக்கொண்டாள்.

"ஏனுங்க, காது கிழியுதுங்க. கொறைக்கச் சொல்லுங்க."

கடைக்காரர் என்னையே பார்த்தார். ஏதோ சொன்னார். எனக்குப் பிடிபடவில்லை. மனைவி குனிந்து என் காதருகே சொன்னாள்: "பழைய ஸ்பீக்கர்லயும் ஒண்ணும் கொறை இல்லைங்கறாருங்க."

திரும்பும்போது பாட்டுப் போடவில்லை. அடிவாரத்துக் காரவள்ளி தாண்டி மேலே ஒரு வளைவில் அவள் என் தோளைப் பிடித்து உலுக்கினாள். பிரேக்கை மிதித்தேன். மேலிருந்து இறங்கிய லாரி எங்களை உரசாத குறையாகப் போனது.

"அத்தனை ஹாரன் அடிச்சானே, கேக்கலீங்களா?"

கேட்கவில்லை.

காது டாக்டர் சோதித்துப் பார்த்தார். நரம்பு பழுதாகிவிட்டது, போனது திரும்பாது, இன்னும் குறையும் என்று மனைவியிடம் சொன்னார். மெஷின் வைத்துப் பார்த்தேன். பேச்சு கொஞ்சம் பிடிபட்டது. பாட்டு தகரத்தைத் தேய்ப்பதுபோல வந்தது. கழற்றி வைத்துவிட்டேன்.

இப்போது மச்சினன்தான் ஓட்டுகிறான். பாட்டு அருமையாகக் கேட்கிறதாம். அவனும் என் மனைவியும் ஏதோ பேசிச் சிரிப்பார்கள். "என்ன?" என்று திரும்புவேன். முன்பெல்லாம் அவள் எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பச் சொல்வாள். இப்போது ஒன்றுமில்லை என்று கையை ஆட்டுகிறாள். நானும் அவளைத் தொந்தரவு செய்வதில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.