பச்சை வாரத்தில் சிவப்பு

அண்டாவில் கொதிக்கும் சாயத்திலிருந்து கம்பு நுனியில் ஒரு சொட்டை எடுத்து, ஊதி ஆற்றி, வாயருகே கொண்டுபோகிறார் தணிகாசலம். நாக்கு பாதி வெளியே வந்தாயிற்று. பின்னாலிருந்து மனைவி லோகாம்பாள் லேசாகக் கனைக்கிறாள். நாக்கு சமர்த்தாக உள்ளே போய்விடுகிறது.

"புளிப்பு ஏறிச்சான்னு பாக்க வாணாமா?"

"அளந்துதான் ஊத்தியிருக்கேன். நாக்க மடிச்சு வைங்க."

பிள்ளையார்பாளையத்தில் ஒரு காலத்தில் அந்த நாக்குக்கு இருந்த மவுசே தனி. பட்டு நூல் சிட்டங்களைக் கம்பில் கோத்துச் சாயத்தில் திருப்பிக்கொண்டே இருப்பார். நடுவில் ஒரு சொட்டு நாக்கில் வைப்பார். "இன்னும் கொஞ்சம் திராவகம் வுடு" என்பார். அதற்கு அப்பீல் கிடையாது. அவர் போட்ட அரக்குச் சிவப்பு, புடவை கிழிந்தாலும் வெளுக்காது என்று நெசவாளர்கள் சத்தியம் செய்வார்கள். தாமல் ஏரி வறண்ட வருஷம் பிழைக்க வந்த குடியானவர் வீட்டுப் பிள்ளை, சாயத்தைத் தவிர வேறொன்றையும் கற்றுக்கொள்ளவில்லை.

சாயமும் அவரை விட்டுவைக்கவில்லை. மஞ்சள் போடும் வாரம் காமாலைக்காரர் போலிருப்பார். அரக்கு வாரத்தில் எச்சில் சிவப்பு, வேர்வை சிவப்பு, வேட்டியைக் கேட்கவே வேண்டாம். ஆகவே ஒருநாள் சிறுநீரும் சிவப்பாகப் போனபோது மனிதர் பயப்படவே இல்லை. "அரக்கு எறங்குதுடா" என்று சிரித்துக்கொண்டார். வலியும் இல்லை. கொஞ்ச நாள் நின்றது, மறுபடி வந்தது. "நல்ல சாயம்பா, லேசுல போவாது" என்று அதற்கும் ஒரு பெருமை! வேறு தொழில்காரன் எவனாயிருந்தாலும் அன்றைக்கே வைத்தியரிடம் ஓடியிருப்பான்.

கண்டுபிடித்தவள் லோகாம்பாள். ஒரு கல்யாண வீட்டுக்காக அந்த வாரம் முழுக்கக் கிளிப்பச்சை மட்டுமே ஓடிக்கொண்டிருந்தது. கொல்லையைக் கழுவப் போனவள், அவர் ஒன்றுக்குப் போன கல்லில் தெறித்திருந்த சிவப்பைப் பார்த்துவிட்டு அப்படியே வந்து நின்றாள்.

"ஏங்க, அண்டா முச்சூடும் பச்சை. செவப்பு எங்கேருந்து வந்துச்சு?"

தணிகாசலம் நாக்கை நீட்டிக் கீழ்க்கண்ணால் பார்த்துக்கொண்டார். அதுவும் பச்சைதான்.

மறுநாள் காலை அவள் தீப்பெட்டியை மடியில் கட்டிக்கொண்டு அடுப்பு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். ஆசுபத்திரிக்குப் போனால்தான் அடுப்பு எரியுமாம். "அங்க போனவன் எவன் திரும்பி வந்திருக்கான்?" என்று கத்திப் பார்த்தார். "போவாதவன் எவன் உசுரோட இருக்கான்?" என்று கேட்டுவிட்டு அழுதாள். அழுதுகொண்டே பிடிவாதம் பிடிக்கிறவளை யாரால் ஜெயிக்க முடியும்? சைக்கிளின் பின்னால் அவளை உட்காரவைத்து மிதித்துக்கொண்டு போனார்.

குழாய் விட்டுப் பார்த்தார்கள். சிறுநீர்ப்பையின் உட்சுவரில் பூக்கோசு போல ஒரு சிறு வளர்ச்சி. புற்றுநோய்தான். ஆழமாக இறங்குவதற்குள் சுரண்டி எடுத்துவிட்டார்கள். ஆனாலும் திரும்ப முளைக்கலாம், அவ்வப்போது வந்து காட்டவேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

முதல் தடவை காட்டப் போனபோது, "ஏம்மா எனக்கு வந்துச்சு? பீடி கூட இல்லியே" என்று கேட்டார். டாக்டர் மங்கையர்க்கரசி பொறுமைசாலி. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னார்.

"உடம்பு பூரா கண்ணுக்குத் தெரியாத செல்லுங்க. தேஞ்சதுக்குப் பதிலா புதுசு வேணுமில்லையா? அதுக்காக ஒண்ணு ரெண்டாப் பிரியும். உடம்பு எப்படி இருக்கணும்கிற விவரமெல்லாம் அதுக்குள்ள மெல்லிசா ஒரு இழையில இருக்கு. பிரியறதுக்கு முன்னால அதே மாதிரி இன்னொரு இழை செஞ்சுக்கும். நீங்க போடுற சாயத்துல சிலதுக்கு அந்த இழையைக் கெடுக்கிற குணம் உண்டு. கெட்டுதுன்னா செல்லு பிரியாம நின்னு, சரி பண்ணிக்கும். முடியலேன்னா தானே செத்துப்போயிடும்."

"நல்ல புத்திதான்."

"ஆனா, அந்த இழையில 'நில்லு'ன்னு சொல்ற இடமே கெட்டுப்போச்சுன்னா? பழுதோடவே பிரியும். பொறக்கிறதுக்கும் அதே பழுது. அதுங்களுக்கும் நிக்கத் தெரியாது. பெருகிக்கிட்டே போயி கட்டியாயிடும். அந்தக் கட்டியைத்தான் எடுத்தோம்."

தணிகாசலம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்போ உள்ள போயும் என் சாயம் இழையத்தான் புடிச்சுக்கிச்சா!" என்றார். அந்த நேரத்திலும் குரலில் ஒரு துளி தொழில் கர்வம். டாக்டருக்குச் சிரிப்பதா திட்டுவதா என்று தெரியவில்லை.

"இனிமே நாக்குல வைக்காதீங்க. வெறுங்கையாலயும் தொடாதீங்க. தோல் வழியாவும் உள்ள போகும்."

அதுவரை தலையாட்டிக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தினார். திரும்பிப் பார்த்தார். சுவரோரமாக லோகாம்பாள் நின்றிருந்தாள். இத்தனை வருஷமாக அவர் திருப்பிய சிட்டங்களையெல்லாம் அலசிப் பிழிந்தவள் அவள். மணிக்கட்டு வரை பச்சை ஏறிய கைகளைக் கோத்துக்கொண்டு, "தோ கேட்டுக்குங்க, டாக்டரம்மா சொல்றத" என்று அவருக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருந்தாள்.

சிறுநீர் பிடித்துக் கொடுக்க நர்ஸ் மேரி ஒரு சீசாவை நீட்டினாள். தணிகாசலம் அதை வாங்கினார். தோள்துண்டின் நுனியால் அதன் வாயைத் துடைத்தார்; இன்னொரு முறையும் துடைத்தார்.

"இன்னொண்ணு குடும்மா, எனக்கு" என்று மேரியிடம் சொல்லிவிட்டு, கையிலிருந்ததை மனைவியின் பச்சை விரல்களுக்குள் வைத்து மூடினார்.