வாசலில் இருந்த பெரிய செருப்பு

செருப்பைக் கழற்றினால் சோடியாக வைக்கவேண்டும் என்று நான் சொல்லும்போதெல்லாம் என் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பார்கள். அப்பாவுக்குச் செருப்புப் பைத்தியம் என்பது அவர்களின் முடிவு. அது எங்கே பிடித்தது என்று இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

நான் அப்போது நாலாம் வகுப்பு. அப்பா சண்டைக் காலத்தில் இல்லாமற்போனவர். முகம்கூட எனக்கு நினைவில்லை. நெடுங்கேணிக்கு அப்பால் காட்டோரமாக எங்களுக்கு ஒரு காணி கிடைத்திருந்தது. அதில் தகரக் கொட்டில் ஒன்றில் அம்மாவும் நானும் இருந்தோம். பக்கத்திலேயே எங்கள் கல்வீடு எழும்பிக்கொண்டிருந்தது. தனியே பிள்ளை வளர்க்கும் தாய்மாருக்கென்று வந்த வீட்டுத்திட்டம் அது. வீட்டோடு ஒரு தொழிலும் பழக்கினார்கள். அயலில் சிலர் தையல் எடுத்தார்கள், சிலர் கோழி எடுத்தார்கள். அம்மா அச்சுப்பெட்டியில் கலவை போட்டுச் சீமெந்துக்கல் அரியப் பழகினார்.

எங்கள் மாமாவுக்கு அது துண்டாகப் பிடிக்கவில்லை. பொம்பிளை அரிஞ்ச கல்லு மழைக்குக் கரைஞ்சுபோகும் என்று சொல்லிவிட்டுப் போனவர், சுவர் எழும்பிய பிறகு வந்து கையால் தட்டித் தட்டிப் பார்த்தார். “கவனம் அண்ணை, கரைஞ்சு கையில ஒட்டிப்போடும்” என்றார் அம்மா.

சுவர் முடிந்தபின்னும் அம்மா அச்சுப்பெட்டியை ஓய விடவில்லை. வெளியூரிலிருந்தும் ஆட்கள் உழவு இயந்திரத்தில் வந்து கல் ஏற்றத் தொடங்கினார்கள். செருப்பு வந்ததும் அந்த நாட்களில்தான்.

அது ஆம்பிளைச் செருப்பு. கறுப்பு நிறம், என் இரண்டு பாதமும் ஒன்றுக்குள் அடங்கும். சந்தையில் யாரோ போட்டுக் கழித்ததை வாங்கி வந்த அம்மா, அதைக் கொட்டில் வாசலில் சோடியாக வைத்தார். காலையில் அது வெளியே பார்த்துக்கொண்டு இருக்கும், பொழுதுபட்டால் உள்ளே பார்க்கும். கொடியில் ஒரு பெரிய சேட்டும் தொங்கத் தொடங்கியது. ஒருவரும் போடாத அந்தச் சேட்டை அம்மா கிழமைக்கொருதரம் தோய்த்தார்.

கல் ஏற்ற வருகிறவர்கள் செருப்பைப் பார்த்துவிட்டு, “அண்ணை நிக்கிறாரோ?” என்று கேட்பார்கள். “இப்பத்தான் கடைப்பக்கம் போனவர்” என்பார் அம்மா, கலவையிலிருந்து கண்ணை எடுக்காமல். நான் ஒழுங்கை வளையும் முடக்குவரை ஓடிப்போய்ப் பார்ப்பேன். ஒருவரும் போயிருக்கமாட்டார்கள். ஆர் அம்மா அது என்று கேட்டால், புத்தகத்தை எடு என்று பதில் வரும்.

எனக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது. நான் நித்திரையான பிறகு அப்பாதான் வந்து போகிறாரோ என்றும் ஒரு நினைப்பு. கண்டுபிடிக்க ஒரு வழி செய்தேன். செருப்பின் பெருவிரல் வாருக்குள் சிறுகல் ஒன்றைச் செருகிவிட்டேன். யாராவது கால் வைத்தால் அது விழத்தான் வேண்டும். ஒவ்வொரு காலையும் பார்த்தேன். கல் அப்படியே இருந்தது. மழை பெய்த அடுத்தநாள் செருப்பின் அடியில் சேறு இருந்தது, ஆனால் கல்லும் இருந்தது! நடக்காத செருப்பில் சேறு எப்படி ஒட்டும்?

அந்த யோசனையில் நான் இருந்தபோதுதான் வீட்டுத்திட்ட மிஸ் ஸ்கூட்டியில் வந்தார். மாரி தொடங்குவதற்கு முன் கூரை போடவேண்டும். மிஸ் சுவரைப் பார்த்துச் சரியென்றால்தான் கூரைக்கு உதவி வரும். சுற்றிப் பார்த்துத் திருப்தியோடு திரும்பியவரின் கண் கொட்டில் வாசலில் நின்றது. பிறகு கொடிக்குப் போனது.

“அக்கா, உழைக்கிற ஆம்பிளை இருக்கிற வீட்டுக்கு இந்தத் திட்டம் இல்லையெண்டு தெரியும்தானே. இது ஆற்றை செருப்பு?”

அம்மா முற்றத்தைத் திரும்பிப் பார்த்தார். முற்றத்தில் முன்பின் தெரியாத இரண்டு பேர் உழவு இயந்திரத்தில் கல் ஏற்றிக்கொண்டு நின்றார்கள். கேள்வி காதில் விழுந்ததும் அவர்களின் கையும் நின்றுவிட்டது. ஆள் இருக்கிறது என்றால் கூரை போய்விடும். இல்லை என்றால், கதவு இல்லாத கொட்டிலில் ஒரு பெண் தனியே இருக்கிறாள் என்று அந்த இரண்டு பேருக்கும் தெரிந்துவிடும். இந்தக் கணக்கு இன்றைக்கு எனக்குத் தெரிகிறது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், நான் தேடிக்கொண்டிருந்த அதே கேள்வியை ஒரு பெரிய ஆளும் கேட்டுவிட்டார் என்பதுதான்.

மிஸ்ஸின் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துப் போனேன். அவர் குனிந்தார். அம்மாவுக்குக் கேட்கக்கூடாது என்று காதுக்குள் சொன்னேன்.

“இந்தக் கல்லு நான் வச்சது மிஸ். எவ்வளவு நாளாச்சு, விழவே இல்லை. இதை ஒருத்தரும் போடுறேல்லை.”

மிஸ் கல்லைப் பார்த்தார். அடியில் ஒட்டியிருந்த சேற்றை விரலால் தொட்டார். அதில் யாரோ கையால் பூசிய தடம் இருந்தது. பிறகு முற்றத்தில் நின்ற இரண்டு பேரையும் ஒருமுறை பார்த்துவிட்டு எழும்பினார். சாதாரணமாக மெல்லிய குரலில் பேசுகிறவர், அன்றைக்கு ஒழுங்கை முடக்குவரை கேட்கும்படி பேசினார்.

“சரி அக்கா, நான் கூரைக்கு எழுதிவிடுறன். அண்ணை வந்தவுடன சொல்லுங்கோ, மரத்தை அவரே நேர பாத்து எடுக்கட்டாம்.”

“ஓம் மிஸ், சொல்லிவிடுறன்” என்றார் அம்மா.

ஸ்கூட்டியும் போனது, உழவு இயந்திரமும் போனது. அம்மா செருப்பின் முன்னால் குந்தியிருந்து, வாருக்குள்ளிருந்த கல்லை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

“இனி இதுக்குள்ள கல்லு வைக்காத அப்பன். காலில குத்தும்.”

ஆற்றை காலில என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர் செருப்பை உள்ளே பார்க்கும்படி திருப்பிவைத்துவிட்டுக் கலவைப் பக்கம் போய்விட்டார்.

எனக்கு மிஸ்ஸை நினைத்துத்தான் பாவமாக இருந்தது. அவ்வளவு படித்தவர், கல்லை எடுத்து நேருக்கு நேர் காட்டியும், செருப்புக்கு ஆள் இல்லை என்பது அவருக்கு விளங்கவே இல்லையே!